வட்டம் என்றால் ஆமாம்

முனிகிருஷ்ணனுக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, பீடி வாசனைகூட ஆகாது. காக்ஸ் டவுனில் அவன் குடியிருந்த சந்தில் அதற்காகவாவது அவனுக்கு நல்ல பெயர் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனாகி, பொம்மசந்திராவில் பம்பு செய்யும் கம்பெனியில் லேத்து ஓட்டுகிற ஆள், வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் சம்மணம் போட்டு வீடியோ கேம் ஆடினால் சந்து சும்மா இருக்குமா? 'முனி வூட்ல ரெண்டு கொழந்த' என்று பேசியது. வீட்டுக்காரர் டெஸ்மண்ட் எப்போது வந்தாலும் வாசலிலேயே நின்று, "இப்ப பெரிய பாப்பா ஆடுதா, சின்ன பாப்பா ஆடுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். முனிகிருஷ்ணன் கோபித்துக்கொண்டதே இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு முன்னால் போகும் காரை முந்துகிற மனுஷனுக்குக் கோபப்பட ஏது நேரம்.

தொண்ணூற்றொன்றில் பிடித்த பித்து அது. அவன் மனைவி சரசுவின் அண்ணன் மெட்ராஸ் போய்வந்தபோது, பர்மா பஜாரிலிருந்து தங்கச்சி மகளுக்கு என்று ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். பெட்டியில் கம்பெனிப் பெயரே கிடையாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஜப்பான் எழுத்து போல எதையோ கிறுக்கி வைத்திருந்தார்கள். ரூபினிக்கு அப்போது நாலு வயது. ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்தால் வாயில் வைத்துக் கடித்தாள். எப்படிப் பிடிப்பது என்று காட்டலாம் என உட்கார்ந்த முனிகிருஷ்ணன் எழுந்திருக்கவே இல்லை.

அந்தக் காலத்து கேசட் ஒழுங்காக உட்காராவிட்டால் திரை பூராவும் கட்டம் கட்டமாக வரும். அப்போது கேசட்டை உருவி, அடிவாயில் உஃப் என்று ஊதி, மறுபடி செருக வேண்டும். ஊதினால் ஏன் சரியாகிறது என்று யாருக்கும் தெரியாது. டிவி கேம் வைத்திருந்த அத்தனை வீட்டிலும் ஊதினார்கள், நம் ஆளும் ஊதினான். ரூபினி ஓடிவந்து "நானு நானு" என்று பிடுங்கி எச்சில் தெறிக்க ஊதுவாள். அவன் அதைப் பனியனில் துடைத்துவிட்டுச் செருகுவான். ஆட்டம் வந்துவிட்டால், "பாத்தியா, என் பொண்ணு ஊதுனாத்தான் இது வேலை செய்யுது" என்று சரசுவிடம் பெருமையடிப்பான். அடுப்படியிலிருந்து சரசு, "ஊதுறதுதான் ஊதுறீங்க, அப்பாவும் பொண்ணும் வந்து இந்த அடுப்பையும் ஊதுங்க" என்பாள்.

நாலைந்து வருஷம் கழித்து, சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒரு ஃபோர்மேன் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன சேகா கம்பெனி கேம் பெட்டி ஒன்று அவன் கைக்கு வந்தது. அன்றோடு அவன் சேகா கட்சி. கறுப்பாக, கனமாக, பெயர் போட்ட உண்மையான சாமான். முதல் தடவை ஸ்விட்சைப் போட்டபோது வந்த நிறத்தையும் வேகத்தையும் பார்த்து அவன் வாயடைத்துப் போனான். இத்தனை நாள் நாம் ஆடியதெல்லாம் ஆட்டமா என்று பழைய பெட்டியைப் பரணில் ஏற்றினான். எங்கிருந்தோ ஒரு சேகா ஸ்டிக்கர் தேடிப் பிடித்து ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒட்டினான். மாமியார் வீட்டு விசேஷத்தில்கூட யாராவது எதிர்க் கம்பெனியான நிண்டெண்டோ பேரைச் சொல்லிவிட்டால், "அது பாப்பாங்க ஆடுறது" என்று ஆரம்பித்துவிடுவான். எந்தக் கட்சிக்கும் ஓட்டுப் போடப் போகாத ஆள் அவன். எங்கோ கடல் தாண்டி இருக்கிற ஒரு கம்பெனிக்காகச் சொந்தக்காரர்களிடம் குரலை உயர்த்தினான். அந்தக் கம்பெனிக்கு இப்படி ஒரு தொண்டன் இருப்பது தெரியவே தெரியாது.

கம்பெனி பஸ்ஸில் அவனுக்குச் சரியான எதிரி ஒருவன் வந்து சேர்ந்தான். ஹரிஷ்குமார் என்று பெயர். தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஐடிஐ முடித்து வந்து, ஆனேக்கலில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த பையன். அவன் பிளேஸ்டேஷன் கட்சி. கேசட் காலம் முடிந்து சிடி காலம் வந்துவிட்டது என்பது அவன் வாதம்.

"முனியண்ணா, உங்க கேசட்ட மியூசியத்துல வைங்க. நேஷனல் மார்க்கெட் போய்ப் பாருங்க, எல்லாம் பிளேஸ்டேஷன் சிடிதான். அள்ளிக்கினு வர்லாம்."

"சிடி போட்டா ஆட்டம் வர்றதுக்குள்ள காப்பி குடிச்சிட்டு வந்துடலாம்டா. கேசட்னா போட்டதும் வரணும். வரலியா, ஒரு ஊது."

"ஊதுற காலத்துலியே இருங்கண்ணா நீங்க."

பஸ்ஸே சிரிக்கும். ஹோசூர் ரோடு நெரிசலில் இப்படித்தான் அவர்களுக்குப் பொழுது போயிற்று. சண்டை போட்டுக்கொண்டாலும் முனிகிருஷ்ணன் டிபன் பாக்ஸில் பாதி இட்லி ஹரிஷ்குமாருக்குத்தான்.

சிடி வந்த பிறகு சேகாவும் சிடிக்கு மாறியது, முனிகிருஷ்ணனும் முணுமுணுத்துக்கொண்டே மாறினான். கட்சி மட்டும் மாறவில்லை. ரூபினி ஏழாவது படிக்கும்போது ஒருநாள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, விரலால் தரையைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"ப்பா, புதுசா வாங்கப் போறேன்னியே. பிளேஸ்டேஷன் வாங்கேன். கிளாஸ்ல எல்லார் வூட்லயும் அதான் கீது. அவங்ககிட்ட டிஸ்க் மாத்திக்கலாம்."

"எல்லாரும் வாங்குனா நாமளும் வாங்கணுமா? சேகா புது மெஷின் வந்துகீது பாரு, அதுக்கு முன்னாடி மத்ததெல்லாம் தூசு."

"சேகா யாருகிட்டயுமே இல்லப்பா. நா யார்கூட மாத்திக்கிறது?"

"என்கூட மாத்திக்க" என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

சேகாதான் வந்தது.  ரூபினி கொஞ்ச நாள் அவனோடு உட்கார்ந்து ஆடினாள், பிறகு வீட்டுப்பாடம் இருக்கிறது என்றாள், பிறகு சாயங்காலமானால் கிளாஸ்காரப் பெண்கள் வீட்டுக்குப் போய்விட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தாள். அங்கே என்ன ஆடுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். கேட்டுக்கொள்ளவில்லை. சொந்த மகளே கட்சி தாவிவிட்டாள் என்று பஸ்ஸில் சொல்லிச் சிரித்தான். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. அந்த மனுஷனுக்குப் புத்தி இருந்திருந்தால் அன்றைக்கே அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெண் கேட்டதை வாங்கியிருப்பான். அவனுக்கு வீம்பு இருந்தது.

இரண்டாயிரத்தில் அவள் படுக்கையில் விழுந்தாள். முதலில் சோர்வு என்றார்கள், சாப்பிடாததால் என்றார்கள். கடைசியில் ரத்தத்திலேயே கோளாறு என்று டாக்டர் சொன்னபோது சரசு டாக்டரின் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக வீட்டிலேயே கிடந்தாள். விஷயம் தெரிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹரிஷ்குமார் ஒரு பையோடு வந்து நின்றான். பைக்குள் அவனுடைய சொந்த பிளேஸ்டேஷன், கொஞ்சம் டிஸ்க், ஆடியதை விட்ட இடத்தில் சேர்த்து வைக்க ஒரு மெமரி கார்டு.

"பாப்பா வெச்சிக்கட்டும்ணா. எனக்கு ஓவர்டைம், ஆட எங்க டைம் கீது."

ரூபினியின் முகத்தில் அன்று வந்த சிரிப்பை முனிகிருஷ்ணன் பார்த்தான். தான் வாங்கி வந்த எதற்கும் அப்படி ஒரு சிரிப்பு வந்ததில்லை என்பதையும் பார்த்தான்.

அந்த டிஸ்க்குகளில் தோட்டம் போடுகிற ஆட்டம் ஒன்று இருந்தது. ஜப்பான் டிஸ்க். ஓர் எழுத்தும் புரியாது. கார் ரேஸெல்லாம் அவளுக்குக் களைப்பாக இருந்ததால் அதைப் போட்டாள். எந்தப் பட்டனை எங்கே அமுக்கினால் என்ன ஆகிறது என்று தடவித் தடவியே கற்றுக்கொண்டாள். ஒரு பையன், ஒரு ஓட்டு வீடு, ஒரு கிணறு, வெறும் நிலம். அதில் விதை போட்டாள், தண்ணீர் விட்டாள், வேலி கட்டினாள். கிணற்றடியில் வெள்ளைப் பூ வளர்த்தாள். ஒரு மாடு வாங்கினாள். மாட்டுக்குப் பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டபோது, ஆங்கில எழுத்தில் சரசு என்று அடித்தாள்.

"யாருடி சரசு? மாட்டுக்கா என் பேர வெச்ச?" சரசு கரண்டியோடு ஓடிவந்தாள்.

"பால் குடுக்குதேம்மா. உன்ன மாதிரியே நல்ல மாடும்மா."

வீட்டில் அவர்கள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அன்றையிலிருந்து சரசு வேலையெல்லாம் போட்டுவிட்டு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். ஜாய்ஸ்டிக்கை ஒருநாளும் தொட்டதில்லை. "என் மாட்டக் காட்டுடி" என்பாள், அவ்வளவுதான். ரூபினி கொட்டகைக் கதவைத் திறப்பாள். மாடு எங்கே நின்றாலும் ஓடிவந்து அந்தப் பையன்மேல் உரசிக்கொண்டு நிற்கும். "மொதல்ல வராதும்மா, மூஞ்சியத் திருப்பிக்கும். தெனமும் தேச்சி விட்டு, பேசிக்கினே இருந்தாத்தான் வரும்" என்று அவள் சொன்னது சரசுவுக்குத்தான் தெரியும். முனிகிருஷ்ணன் அந்த நேரத்தில் பொம்மசந்திராவில் லேத்து முன்னால் நின்றிருப்பான். சாயங்காலம் வந்தால் ஆஸ்பத்திரி விஷயம் கேட்பான், மருந்து எடுத்துக் கொடுப்பான், பெண்ணின் தலையைத் தடவுவான். எல்லாம் செய்வான். அந்தப் பெட்டி முன்னால் மட்டும் உட்கார மாட்டான். "ஒரு தபா வந்து பாருப்பா" என்று அவள் கூப்பிட்டால், "அது உங்க கட்சிம்மா" என்பான் விளையாட்டாக.

அடுத்த வருஷம் பிறந்ததும் சேகா கம்பெனி கேம் பெட்டி செய்வதையே நிறுத்தப்போகிறது என்று செய்தி வந்தது. ஹரிஷ்குமார் பேப்பரைக் கொண்டுவந்து காட்டினான். பாவம், அவன் கேலிகூடப் பண்ணவில்லை. முனிகிருஷ்ணன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தான். படுக்கையிலிருந்த ரூபினி விஷயத்தைக் கேட்டுவிட்டு, மெல்ல எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். முடியெல்லாம் கொட்டிப்போன தலையில் அம்மாவின் பழைய துண்டைக் கட்டியிருந்தாள்.

"வுடுப்பா. என் கம்பெனிக்கு வந்துடு. நா சேத்துக்கிறேன்."

கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் உள்ளங்கையில் ஜாய்ஸ்டிக்கை வைத்தாள்.

"நல்லா கேட்டுக்க. உன் சேகால கீழ கீற பட்டன் அமுக்குனா சரி, வலது பக்கம் அமுக்குனா வேணாம். இந்த டிஸ்க்ல அப்டி இல்ல. வலது பக்கம் வட்டம் போட்டுகீது பாரு, அதான் ஆமா. கீழ பெருக்கல் போட்டுகீது, அது இல்ல. மறக்காத. வட்டம்னா ஆமா."

அவன் எதையோ அமுக்கினான், தப்பாக அமுக்கினான். கையிலிருந்த விதை கீழே விழுந்தது. "இன்னாது இது, எல்லாம் தலகீழா கீது" என்று ஜாய்ஸ்டிக்கை அவள் மடியில் திரும்ப வைத்துவிட்டு எழுந்தான். முழுசாக ஒரு ஆட்டம்கூட உட்காரவில்லை. அவள் கட்டாயப்படுத்தவும் இல்லை.

அந்த வருஷம் மழை தொடங்கியபோது ரூபினி போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சரசு சாப்பிடுவதை நிறுத்தினாள். பிடிவாதமெல்லாம் இல்லை, தட்டில் போட்டுக்கொள்வாள், பிசைவாள், கை அப்படியே நின்றுவிடும். ஆள் பாதியானாள். அண்ணன் வந்து கெஞ்சினார், டெஸ்மண்ட் வீட்டம்மா கஞ்சி கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அவளும் போய்விடுவாள் என்று முனிகிருஷ்ணன் பயந்தான். ஒருநாள் சாயங்காலம் அவளாகவே சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அந்த மாட்டக் கொஞ்சம் போடுறீங்களா."

அவன் போட்டான். மகள் சேர்த்து வைத்திருந்த இடத்திலிருந்து தோட்டம் அப்படியே வந்தது. கிணறு, வெள்ளைப் பூ, வேலி. கொட்டகைக் கதவைத் திறந்ததும் மாடு ஓடிவந்து உரசிக்கொண்டு நின்றது. சரசு பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்த்துக்கொண்டே தட்டிலிருந்த சோற்றை எடுத்து வாயில் வைத்தாள். 

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. தினமும் சாயங்காலம் அவன் தோட்டத்தைப் போடுவான், சரசு தட்டோடு வந்து உட்காருவாள், மாடு ஓடிவரும், அவள் சாப்பிடுவாள். ஸ்டார்ட் பட்டனும் ஆளை நடத்துகிற பட்டனுமே அதற்குப் போதும், மற்ற பட்டன்களை அவன் தொட்டதே இல்லை. அந்த ஒரு வேளைதான் அவள் உடம்பில் ஒட்டியது. ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் கவனமாக இருந்தார்கள். அந்த ஆட்டத்தில் பையனைக் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்கவைத்தால்தான் நாள் முடியும், அப்போதுதான் சேர்த்து வைக்கவா என்று அது கேட்கும். அவர்கள் படுக்கவைப்பதே இல்லை. பொழுது சாய்ந்ததும் ஸ்விட்சை அணைத்துவிடுவார்கள். மறுநாள் போட்டால் ரூபினி விட்டுவிட்டுப்போன அதே காலை திரும்ப வரும். தோட்டத்தில் ஒரு நாள்கூட அவளில்லாமல் கழியவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி ஓடிற்று. சேகா பெட்டி கட்டிலுக்கடியில் போய்த் தூசி படிந்து கிடந்தது. ஸ்கூட்டர் ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்துச் சுருண்டது. அவன் உரித்துப் போடவும் இல்லை.

அப்புறம் அந்தச் சாயங்காலம் வந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. கரண்ட் இரண்டு தடவை விட்டு விட்டு வந்தது. சரசு உள்ளே சோறு போட்டுக்கொண்டிருந்தாள். முனிகிருஷ்ணன் ஸ்விட்சைப் போட்டான். தோட்டம் வரவில்லை. சேர்த்து வைத்தது எதுவுமே கண்ணுக்குத் தெரியாமல் வெறும் கட்டம்தான் வந்தது. 

அப்போது என்ன செய்தான் தெரியுமா? பத்து வருஷமாகச் செய்ததையே செய்தான். மெமரி கார்டை உருவி, அதன் வாயில் உஃப் என்று ஊதி, மறுபடி செருகினான்.

திரையில் ஜப்பான் எழுத்தில் ஒரு கேள்வி வந்தது. அவனுக்கு எழுத்து தெரியாது, ஆனால் அந்தக் கேள்வி தெரியும். ஹரிஷ்குமார் ஒருதரம் புதுக் கார்டு வாங்கிக் கொடுத்தபோது இதே கேள்வி வந்தது. "புதுக் கார்டுன்னா, எல்லாத்தையும் அழிச்சிட்டு ரெடி பண்ணவான்னு கேக்கும்மா" என்று ரூபினி சரசுவிடம் சொன்னதை அவன் அந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறான். இப்போது ஊதிய ஈரமோ, செருகிய கோணலோ, மகளின் கார்டைப் பெட்டி புதுக் கார்டு என்று நினைத்துக்கொண்டது. அழிக்கவா என்று கேட்டது.

ஐயோ வேண்டாம் என்று அவன் உடம்பு பூராவும் சொன்னது. வேண்டாம் என்றால் வலது பக்கம். சேகாவில் பழகிய கட்டைவிரல், அவன் யோசிக்கும் முன்பே வலது பக்கம் போய் அமுக்கிவிட்டது.

வட்டம்.

அமுக்கிய பிறகுதான் அந்தக் குறியைப் பார்த்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் பெருக்கல் போட்டால் தப்பு என்று தெரியும். குறியைப் பார்த்து அமுக்கியிருந்தால் தோட்டம் பிழைத்திருக்கும். அவன் இடத்தைப் பார்த்து அமுக்கினான். திரை ஒருமுறை மங்கி, மறுபடி தெளிவாக வந்தது. கார்டு சுத்தமாக இருந்தது.

"வந்துச்சா?" உள்ளேயிருந்து சரசு கேட்டாள். அவன் ஸ்விட்சை அணைத்தான்.

"இல்ல... வயர்ல ஏதோ லூஸ். ரிப்பேருக்குக் குடுக்கணும்."

அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. சரசு தட்டோடு வந்து, கறுத்த டிவியைப் பார்த்துக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் பெட்டியைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினான். ஹரிஷ்குமாரிடம் எல்லாவற்றையும் சொன்னான். பையன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அண்ணா, எதையும் அமுக்காம கார்டப் புடுங்கிட்டு ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணி இருந்தாலே போதும்ணா. திரும்ப சொருவுனா வந்திருக்கும்."

சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று அவனுக்கே பட்டிருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டான். எஸ்.பி. ரோட்டில் தெரிந்த கடைகளிலெல்லாம் கேட்டுப் பார்த்தார்கள். அழிந்தது அழிந்ததுதான் என்று எல்லாரும் கையை விரித்தார்கள்.

ஒரே வழிதான் இருந்தது. முனிகிருஷ்ணன் காலை ஷிப்டு வாங்கிக்கொண்டான். வேலை முடிந்ததும் பஸ்ஸில் ஏறாமல் ஆனேக்கலுக்குப் போய், ஹரிஷ்குமார் ரூமில் உட்கார்ந்து முதலிலிருந்து தோட்டம் போட ஆரம்பித்தான். வெறும் நிலம், ஓட்டு வீடு, கிணறு. விதை, தண்ணீர், வேலி. எங்கே எது இருந்தது என்று கண்ணை மூடி ஞாபகப்படுத்திக்கொண்டான். வீட்டுக்கு வந்தால் சரசுவிடம் நைசாகக் கேட்பான்.

"அந்த வெள்ளப் பூ, கெணத்துக்கு எந்தப் பக்கம் வெச்சிருந்தா?"

"ரெண்டு பக்கமும். நடுவுல மட்டும் வழி வுட்டிருப்பா. அந்தப் பையன் போவணுமே" என்பாள் சரசு. அவன் கேட்பதில் அவளுக்குச் சந்தோஷம். இவ்வளவு நாள் கழித்தாவது மனுஷன் மகள் ஆடியதைப் பற்றிக் கேட்கிறாரே என்று முகம் கொஞ்சம் மலரும். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. "ரிப்பேர் ஆச்சா?" என்று தினமும் கேட்டாள்.

இன்னொன்றும் நடந்தது, அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஆட்டம் அவனுக்குப் பிடித்துவிட்டது. ஒருநாள் தக்காளி காய்த்தபோது தன்னை மறந்து சிரித்துவிட்டான். கட்டைவிரல் தானாகவே வட்டத்துக்கும் பெருக்கலுக்கும் பழகிவிட்டது. இனி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாறாது. இதை அவள் பக்கத்தில் உட்கார்ந்தே ஆடியிருக்கலாமே, அவள் விதை போட நான் தண்ணீர் விட்டிருக்கலாமே என்று நினைத்தபோது ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, ரூமுக்கு வெளியே போய் நின்று அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தான். வேறென்ன செய்ய.

மாடு வாங்கினான். ஆங்கில எழுத்தில் சரசு என்று பெயர் அடித்து, கொட்டகையில் விட்டுவிட்டுப் பூச்செடிக்குத் திரும்பினான். பூ பூத்தது. எல்லாம் அப்படியே இருந்தது. ரூபினியைப் பார்க்க வந்த நாட்களில் அவள் தோட்டத்தைப் பார்த்திருந்த ஹரிஷ்குமார், "நம்பவே முடியலண்ணா, அதேதான்" என்றான். சரசு நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்ததால் முனிகிருஷ்ணனுக்கும் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"ரிப்பேர் ஆயிடுச்சு."

சரசு முகம் கழுவிக்கொண்டு, தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவன் ஸ்விட்சைப் போட்டான். தோட்டம் வந்தது. கிணறு, வெள்ளைப் பூ, நடுவில் வழி. அவள் கண் கலங்கிற்று. சோற்றைப் பிசைந்துகொண்டே, "என் மாட்டக் காட்டுங்க" என்றாள்.

அவன் கொட்டகைக் கதவைத் திறந்தான்.

மாடு மூலையில் நின்றது. வரவில்லை.

"வருவா. நில்லுங்க" என்றாள் சரசு.

மாடு வரவில்லை. முனிகிருஷ்ணன் பையனை அதன் பக்கத்தில் கொண்டுபோனான். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்து நின்றது. அவன் மறுபடி கிட்டே போனான். அது மறுபடி நகர்ந்தது. சரசு வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"இது என் மாடு இல்ல."

"சரசு..."

"என் மாடு கதவத் தொறந்தா ஓடியாரும். தெனமும் தேச்சி, பேசி, அவ எத்தினி மாசம்... இது யாரோட மாடு?"

அவனால் அதற்குமேல் முடியவில்லை. மழையையும், ஊதியதையும், கேள்வியையும், கட்டைவிரலையும் சொன்னான். ஆனேக்கல் ரூமையும் சொன்னான். அவள் அழுவாள், கத்துவாள், தட்டைத் தூக்கி எறிவாள் என்று காத்திருந்தான். அப்படி எறிந்திருந்தால்கூடத் தேவலை.

 அவள் திரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

"வட்டம்னா ஆமா, பெருக்கல்னா இல்லன்னு சொன்னாளே. உங்க கையில குடுத்து, மறக்காதன்னு சொன்னாளே. அடுப்பாண்ட இருந்த எனக்குக் கூட கேட்டுச்சு."

 அவன் கை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டுமே, அந்தப் பையனைக் கொட்டகையிலிருந்து வெளியே நடத்தி, வீட்டுக்குள் கொண்டுபோய், கட்டிலில் படுக்கவைத்துவிட்டது. அந்த வீட்டு டிவியில் ரூபினிக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு நாள் முடிந்தது. திரையில் ஜப்பான் எழுத்தில் கேள்வி வந்தது.

"இன்னா கேக்குது?"

"சேத்து வைக்கவான்னு."

சரசு ரசம் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவன் கையிலிருந்து ஜாய்ஸ்டிக்கை வாங்கினாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தொட்டது அன்றுதான். எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், குறியைப் பார்த்து, கீழே இருந்த பெருக்கலை அமுக்கினாள். ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய், ரசம் படாத சோற்றை வழித்துக் குண்டானிலேயே திரும்பப் போட்டு மூடினாள்.